விதை வைரஸை வடிகட்டுகிறது என்றால், பாலினப் பெருக்கத்தின் பயன் அதுதானா?

தாழைமடல் (கேள்வி):
கிழங்கு, குமிழம், தண்டுத் துண்டு ஆகியவற்றால் பெருகும் தாவரங்களில் வைரஸ்கள் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகின்றன. அதே தாவரத்தை விதையிலிருந்து வளர்த்தால் அவற்றுள் பெரும்பாலானவை கன்றில் இருப்பதில்லை. 17ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில் பெருவிலைக்குப் போன, தீச்சுடர்போல வரியோடிய டூலிப் இதழ்கள் வைரஸின் வேலைதான் என்பதும், அந்த வரிகள் தாய்க் குமிழத்திலிருந்து பக்கக் குமிழங்களுக்குச் சென்றனவே தவிர விதைவழி செல்லவில்லை என்பதும் பலர் அறிந்தவை. தாவரங்கள் பாலினப் பெருக்கத்தைக் கைவிடாமல் இருப்பதற்கு வைரஸ்கள் ஒரு காரணம் என்று படிக்கிறேன். அங்கே சொல்லப்படும் பயன் விதை என்னும் வடிகட்டியா, மரபணுக் கலப்பா? இரண்டையும் ஒன்றாகவே பேசுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேரடிமண்:
நல்ல கேள்வி, நண்பரே. இரண்டும் வெவ்வேறு பயன்கள். அவற்றைக் கலந்து பேசுவது இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை என்றே நானும் கருதுகிறேன்.

முதலில் வடிகட்டியைப் பார்ப்போம். இலையில் செல்லுக்குச் செல் தாவும் வைரஸ், செல்சுவர்களை ஊடுருவிச் செல்லும் நுண்ணிய இணைப்பு இழைகளின் வழியே போகிறது. தாய்த்தாவரத்தின் திசுவுக்கும் வளரும் கருவுக்கும் இடையே அத்தகைய இணைப்பு இல்லை. ஆகவே கருவுக்குள் நுழைய விரும்பும் வைரஸ், கருவுறுதலுக்கு முன்பே சூலையோ மகரந்தத்தையோ பிடித்திருக்க வேண்டும்; அல்லது பட்டாணியின் விதைவழி மொசைக் வைரஸைப் போல, கரு மிக இளமையாக இருக்கும் குறுகிய காலத்துக்குள் அதைத் தாங்கும் காம்புச் செல்களின் வழியே புகுந்துவிட வேண்டும். அறியப்பட்ட தாவர வைரஸ்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மட்டுமே இதைச் சாதிக்கிறது.

தண்டின் நுனியிலும் இதையொத்த தடை உண்டு. நுண்ணோக்கியின் கீழ் இளந்தளிர்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், கடைசியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, ஒளி ஊடுருவும் சிறு குவிமாடம் மிஞ்சும். செடி முழுவதும் நோயுற்றிருந்தாலும் அந்த ஆக்குத்திசுவில் வைரஸ் பெரும்பாலும் இருப்பதில்லை. 1952இல் பிரான்சில் மொரெல், மார்ட்டின் இருவரும் நோயுற்ற டாலியாச் செடியிலிருந்து அந்த நுனியை மட்டும் வெட்டி வளர்த்து, வைரஸ் இல்லாத செடிகளை மீட்டார்கள்.

இப்போது உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். சீமைக் காட்டுமுள்ளங்கி இனமான டேன்டெலியனின் பல வகைகள் கருவுறுதலே இல்லாமல் விதை தருகின்றன. அந்த விதை தாயின் மரபுப் பிரதி. ஆனாலும் அது விதைதான். வடிகட்டி மட்டுமே போதும் என்றால், உலகத்துத் தாவரங்களுள் பெரும்பாலானவை இவ்வழிக்கு மாறியிருக்கலாம். மாறவில்லை.

நீர்முள்ளி:
ஒரு சிறு திருத்தம். டேன்டெலியனைச் சீமைக் காட்டுமுள்ளங்கி என்பது குழப்பம் தரும். அது சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது, முள்ளங்கியின் உறவு அன்று. மற்றபடி உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.

மரபணுக் கலப்பின் பக்கத்துக்கு, 1973இல் லீ வான் வேலன் முன்வைத்த சிவப்பு ராணிக் கருதுகோளை (மாறிக்கொண்டே இருக்கும் எதிரிகளுக்கு ஈடுகொடுக்க உயிரினமும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை) ஒட்டி வளர்ந்த சிந்தனையே அடிப்படை. ஆர்.என்.ஏ. வைரஸ்கள் படியெடுக்கும்போது பிழைகளைத் திருத்துவது அரிது. எனவே அவை விரைவாக மாறுகின்றன. ஒரே மரபமைப்புள்ள செடிகள் அருகருகே நிற்கும்போது, ஒன்றைத் திறக்கும் சாவி எல்லாவற்றையும் திறக்கும். ஆந்தோக்சாந்தம் என்னும் நறுமணப் புல்லைக் கொண்டு 1990களில் நடந்த வயலாய்வில், தாய்ப்புல்லைப் பிரித்து நட்ட பிரதிகளைவிட விதைவழி வந்த கன்றுகளுக்கு, அசுவினி பரப்பும் பார்லி மஞ்சள் குள்ள வைரஸ் குறைவாகவே தொற்றியது.

வேரடிமண்:
திருத்தத்துக்கு நன்றி. பெயரை நான் ஆராயாமல் எழுதிவிட்டேன்.

செங்காந்தள்:
இதுவரை பேசியவர்கள் வைரஸ்களை ஒரே வகையாகக் கொண்டார்கள். அவற்றின் பன்மையைக் கணக்கில் எடுத்தால் படம் மாறுகிறது. வெள்ளைக் குளோவர் என்னும் தீவனச் செடியில் வாழும் மறைவைரஸ்கள் செல்லுக்குச் செல் தாவுவதில்லை, பூச்சியாலும் பரவுவதில்லை. செல் பிளவுறும்போது உடன் பிரிந்து, மகரந்தத்திலும் சூலிலும் ஏறி, அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன. தாவரம் பூத்துக் காய்த்தால்தான் அவற்றுக்கு வாழ்வு என்பதால், நோய்க்குறி எதையும் அவை காட்டுவதில்லை. இவற்றுக்கு விதை வடிகட்டி அன்று, வாகனம்.

வெள்ளரி மொசைக் வைரஸின் கதை இன்னும் வியப்பானது. அது தொற்றிய தக்காளிச் செடியின் மணம் மாறி, பம்பிள் தேனீக்களை ஈர்ப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். தக்காளியின் மகரந்தம், தேனீ பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போதுதான் நன்றாக உதிர்கிறது. தேனீ வராதபோது நோயுற்ற செடி குறைவாகவே விதை தந்தது, தேனீ வந்து போனபின் அந்தக் குறை பெரிதும் ஈடாயிற்று. வைரஸுக்கு எளிதில் இடங்கொடுக்கும் மரபணுக்கள் கூட்டத்தில் நீடிப்பதற்கு இது வழி செய்யக்கூடும் என்று அவர்களின் கணித மாதிரி காட்டியது.

தாழைமடல்:
அப்படியானால், எதிர்ப்புள்ள செடியே எப்போதும் கூடுதல் சந்ததி விடும் என்று நான் கொண்டிருந்த எண்ணத்தையே மறுபரிசீலனை செய்ய வேண்டும். மகரந்தச் சேர்ப்பிகள் குறைந்த இடத்தில் அந்த ஈடு நிலைக்குமா, செங்காந்தள் அவர்களே?

செங்காந்தள்:
பூச்சி நோயுற்ற செடியைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வந்தால்தான் நிலைக்கும். தேனீ வரவே வராத இடத்தில் மணத்தால் பயனில்லை. நோயின் இழப்பு மட்டுமே மிஞ்சும்.