தானியம் சேர்க்காத மீட்லோஃப் உதிராமல் வர என்ன சேர்க்கலாம்?

அஸ்தம்பட்டி வாசகி:
வீட்டில் ஒருவர் தானியங்களைத் தவிர்ப்பதால், ரொட்டித்தூள் இல்லாமல் அரை கிலோ ஆட்டுக் கொத்துக்கறியில் மீட்லோஃப் (கொத்துக்கறியை ரொட்டி வடிவில் திரட்டி வேகவைப்பது) செய்ய விரும்புகிறேன். எதைச் சேர்த்தால் உதிராது?

சூரமங்கலம் அன்பர்:
கோலா உருண்டைக்குச் சேர்க்கும் பொட்டுக்கடலை மாவே போதும், அம்மா. அது பருப்பு வகை, தானியமன்று. நான்கு மேசைக்கரண்டி மாவும் ஒரு முட்டையும் சேருங்கள். வெங்காயத்தை வதக்கி, நன்கு ஆறவிட்டே கலக்க வேண்டும். பச்சையாகப் போட்டால் அது விடும் நீரில் கறி பிளந்துவிடும்.

ஏற்காடு வாசகர்:
ரொட்டித்தூள் கறியின் சாற்றையும் பிடித்து வைப்பதால், அது இல்லாதபோது கொழுப்பு நீக்கிய கறி வறண்டுவிடும். சற்றுக் கொழுப்புள்ளதாகக் கொத்தித் தரச் சொல்லுங்கள். அழுத்திப் பிசைந்தால் ரப்பர்தான். ஓவனில் 180 டிகிரியில் வைத்து, நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டியதும் எடுத்து, பத்து நிமிடம் ஆறிய பிறகு வெட்டுங்கள்.

அஸ்தம்பட்டி வாசகி:
நன்றி. வீட்டில் ஓவன் இல்லை; இட்லிப் பானையில் வேகவைக்கலாமா?

ஏற்காடு வாசகர்:
தாராளமாக. சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள எங்கள் ஊரில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதிப்பதால் கூடுதல் நேரம் பிடிக்கும். உங்கள் சேலத்தில் அந்தத் தொல்லை இல்லை. வெந்தபின் தோசைக்கல்லில் எண்ணெய்விட்டு எல்லாப் பக்கமும் சிவக்க வாட்டுங்கள்.