கல்லடி வீட்டுக் குழு: சின்னவனும் இங்கிலீசும்

தங்கச்சி: அக்கா, சின்னவன் இங்கிலீசு ரியூசனுக்குப் போகமாட்டேன் என்று கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டான். இருபது சொல்லுக்கு எழுத்துக்கூட்டல் கேட்டார்களாம். தரம் 1 தானே.

மாமா: இப்பவே பழக்க வேண்டும் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீசால் எத்தனை பேர் கோட்டை விடுகிறார்கள்.

பெரியக்கா: அந்தப் பயம் எனக்கும் இருக்கு மாமா. ஆனால் 1999இல் தரம் 1 பாடத்திட்டம் மாறியபோதே, முதல் இரண்டு வருடமும் வாயாலும் விளையாட்டாலும்தான் இங்கிலீசு என்று வைத்தார்கள். பாடமாகத் தொடங்குவது மூன்றாம் தரத்தில். காது பழக முதல் எழுத்தைக் கேட்டு என்ன செய்ய? தமிழில் ‘பின்’ என்று எழுதினால் குண்டூசியா, குப்பைத்தொட்டியா? இரண்டுக்கும் ஒரே பானாதான். கேட்டுக் கேட்டுத்தான் பிரியும்.

தங்கச்சி: இவன் வாயே திறக்கிறான் இல்லையே அக்கா.

பெரியக்கா: திறக்காவிட்டால் பரவாயில்லை. தமிழ் பேச முதல் ஒரு வருடம் சும்மா கேட்டுக்கொண்டுதானே கிடந்தான், அப்போது யார் ஏசினது? ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை வைத்தே ஒரு முறை கொண்டுவந்தார். ரீச்சர் சொல்வார், பிள்ளை உடம்பால் செய்து காட்டும், பேச்சு வரும்போது வரட்டும். என் வகுப்பில் மீன்சந்தை விளையாட்டு. கடதாசியில் இறால், நண்டு, கணவாய் வெட்டி வைத்துவிட்டு ‘கிவ் மீ டூ க்ராப்ஸ்’ என்பேன். எடுத்துத் தந்தால் போதும். ஒரு மகள் இரண்டு மாதமாகத் தலையை மட்டும் ஆட்டினாள். போன கிழமை பக்கத்துப் பையன் மூன்று நண்டு எடுத்ததும் ‘நோ, டூ!’ என்று கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமா: பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாமா?

பெரியக்கா: கதையை நிறுத்தாமல் திருத்துங்க. ‘ஐ கோ பீச் யெஸ்டடே’ என்றால் ‘ஓ, யூ வென்ட் டு த பீச்! ஹூ வென்ட் வித் யூ?’ என்று கேளுங்க. சரியானது காதில் விழும், அவனும் மிச்சத்தைச் சொல்வான்.

அம்மா: நான் தமிழில் கதை சொல்றதும் பிழையா மனே?

பெரியக்கா: ஐயோ, அதை விட்டுடாதீங்க அம்மா. கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்கு எந்த மொழியிலும் கதை பிடிபடும்.

தங்கச்சி: சரி அக்கா. ரியூசன் ரீச்சரிடம் நானே கதைக்கிறேன். இந்தக் கிழமை வீட்டில் நிற்கட்டும்.

மாமா: கடையில் கலர் மட்டை இருக்கு. பின்னேரம் கொண்டு வாறேன்.