வெள்ளியங்கிரி ஏறியவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே. சிவராத்திரிக் கூட்டம் ஓய்ந்ததும், பங்குனியில் அப்பாவைக் கோவை பக்கத்தில் இருக்கும் வெள்ளியங்கிரி மலைக்குக் கூட்டிப்போகிறேன். வயது 63. பிரஷருக்கு மாத்திரை போடுகிறார், டாக்டர் சரி என்றுவிட்டார். ஏழாவது மலையில் சுயம்பு லிங்கத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்கிறார். எனக்கும் அதே ஆசைதான்.

அடிவாரமான பூண்டியில் சாயங்காலம் ஏற ஆரம்பித்தால் வெயிலுக்குத் தப்பலாம். ஆனால் முதல் மலையின் செங்குத்துப் படிகளை டார்ச் வெளிச்சத்தில் அவர் ஏறுவாரா? விடியற்காலைதான் நல்லதா? பெரியவர்களோடு போனவர்கள் எங்கெங்கே உட்கார்ந்து போனீர்கள்? மேலே குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா, கம்பளியும் வேண்டுமா? சுனைத் தண்ணீர் கோடையில் கிடைக்குமா? மூங்கில் தடி அடிவாரத்தில் வாங்கிக்கொள்வோம். இறங்கும்போது முழங்காலுக்கு என்ன செய்தீர்கள்? அதுதான் பெரிய கவலை.