மறு: ஜம்ப் ரிங்குக்குத் தமிழ்ச் சொல் – ‘தாவு வளையம்’ சரியா?

நண்பர்களே,

மூன்று நாளாக மடல்களைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன், பதில் எழுத இப்போதுதான் கை ஒழிந்தது. கம்பி நகைக்குச் சொல் கேட்டவளே கம்பி நீட்டிவிட்டாள் என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். நியாயம்தான்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. சனிக்கிழமை மாலைகளில் எங்கள் மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேருக்குச் செம்புக் கம்பியில் தோடு, பதக்கம் செய்யச் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். ஆங்கிலத்தில் செய்முறைத் தாள் கொடுத்தால் மரியாதையாக வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார்கள். அவர்களுக்காகத் தமிழில் நாலு பக்கம் எழுத உட்கார்ந்தேன், இரண்டாவது வரியிலேயே ஜம்ப் ரிங் (நகையின் பாகங்களை ஒன்றோடொன்று மாட்டுகிற சின்ன வளையம்) வந்து நின்றது. அதற்குத் தமிழ்ச் சொல் கேட்டுத்தான் இங்கே எழுதினேன்.

> தாவு வளையம் என்று வைக்கலாமே. நேரடியாகப் பொருள் தருகிறது.

தரவில்லை ஐயா. அந்த வளையம் எங்கேயும் தாவுவதில்லை (தரையில் விழுந்தால் தாவும், அப்புறம் கிடைக்கவே கிடைக்காது, அது வேறு விஷயம்). ஆங்கிலக்காரர் ஏன் ஜம்ப் என்றாரோ, அதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? செய்கிற முறையைப் பாருங்கள். ஒரு தண்டின் மேல் கம்பியை இடைவெளி விடாமல் சுற்றுகிறோம். நான் மை தீர்ந்த பேனா ரீஃபிலில்தான் சுற்றுகிறேன், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உள்விட்டம் வரும். ஸ்பிரிங் மாதிரி ஆனதும் உருவியெடுத்து ஒவ்வொரு சுற்றாக வெட்டினால் சுற்றுக்கு ஒரு வளையம். வெட்டின இடத்தில் இருக்கும் சந்து வழியாகத்தான் மணியும் சங்கிலியும் கொக்கியும் உள்ளே வருகின்றன. அந்தச் சந்து இல்லாவிட்டால் இது வெறும் வளையம்.

எங்கள் தெருவில் நகை செய்கிற பத்தரிடம் கேட்டேன். “வளையம்தாம்மா, வேற என்ன?” என்றார். விடாமல், “வாய் பத்த வெக்காம இருந்தா?” என்றேன். “அப்ப அது வாய் தெறந்த வளையம், இன்னும் வேலை முடியலன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு ஊதுகுழலை எடுத்துக்கொண்டார். யோசித்தால் அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. அவர் பொடி வைத்து ஊதி வாயை அடைத்துவிடுவார், பிறகு அது சங்கிலியில் ஒரு கண்ணி. பற்றாசு என்கிற பழைய சொல் அந்த ஒட்டுக்குத்தான். (வெண்பா எழுதுகிறவர்களுக்கு ஆசிடை நினைவிருக்கும். இரண்டு குறளை ஒட்டவைக்கிற அந்த ஆசு பட்டறையிலிருந்து யாப்புக்குப் போன சொல்.) நம் கைவேலையில் நெருப்பும் இல்லை, பற்றாசும் இல்லை. அவருக்கு அரைகுறை வேலையாக இருப்பதே நமக்கு முழு உறுப்பு. அதனால்தான் தனிப்பெயர் நமக்குத் தேவைப்படுகிறது, அவருக்குத் தேவைப்படவில்லை.

வாய் என்ற சொல்லை விட எனக்கு மனமில்லை. ஆனால் வாய்வளையம் என்று நான் போன மடலில் எழுதியதற்கு வந்த அடி சரியான அடிதான்.

> மூக்கு வளையம் மூக்கில், கால் வளையம் காலில். வாய்வளையம் எங்கே மாட்டுவது?

சிரித்துவிட்டேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். திறவாய் வளையமும் வேண்டாம், மார்கழித் திருப்பாவையின் ‘தாள் திறவாய்’ ஞாபகம்தான் வருகிறது, போதாததற்குத் ‘திறக்காத’ என்றும் படிக்கலாம். பிளவு வளையத்தைச் சாவிக்கொத்தில் இருக்கிற இரட்டைச் சுற்று வளையத்துக்கு ஒதுக்கி வைப்போம். என் கை இப்போது வெட்டுவளையத்தில் நிற்கிறது. பொருளுக்குப் பெயர் வெட்டுவளையம், அதிலுள்ள சந்துக்குப் பெயர் வாய். அப்படிப் பிரித்துக்கொண்டால் சொல்லித் தருவது எவ்வளவு சுலபமாகிறது பாருங்கள்: “வெட்டுவளையத்தின் வாயை இழுத்து அகட்டாதே. இரண்டு குறட்டால் இரு பக்கமும் பிடி, ஒரு முனை உன் பக்கம் வரட்டும், மறுமுனை அந்தப் பக்கம் போகட்டும். மூடும்போது கொஞ்சம் தாண்டவிட்டுத் திருப்பிக் கொண்டுவா.” இழுத்து அகட்டினால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும், மறுபடி வட்டமாகாது. சரியாக மூடினால் இரண்டு முனையும் உரசுவது விரலுக்கே தெரியும், நகத்தால் தடவினால் மாட்டாது.

அடுத்தது கேஜ், அதாவது கம்பி எவ்வளவு பருமன் என்று சொல்லும் எண்.

> தடிமன் எண் என்பது தெளிவாக இருக்கிறது.

தெளிவாகத் தவறு செய்ய வைக்கும். எண் கூடக் கூடக் கம்பி மெலிகிறது, தடிமன் எண் 26 என்றால் யாரும் தடிக்கம்பி என்றுதானே நினைப்பார்கள்? கம்பியை அச்சுத் துளைகளில் இழுத்து இழுத்து மெலியவைத்த கணக்கிலிருந்து அந்த எண் வந்ததால் இழுப்பெண் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். காரணம் அழகு, சொல்தான் ஆபத்து. இழுப்பு என்றால் எங்கள் ஊரில் மூச்சிரைப்பு, சேர்த்து எழுதினால் கடைசியில் ஒரு பெண் வேறு வந்து நிற்கிறாள். கம்பி எண் போதும் என்பது என் எண்ணம். நெசவுக்காரர்கள் நாற்பதாம் நம்பர் நூலைவிட அறுபதாம் நம்பர் சன்னம் என்பதை விளக்கம் கேட்காமலே புரிந்துகொள்கிறார்கள், கம்பிக்கும் அது பழகிவிடும்.

ஒன்று மட்டும், பக்கத்தில் மில்லிமீட்டரையும் எழுதியாக வேண்டும். அமெரிக்கச் செய்முறை ஒன்றில் 20 என்று இருந்ததைப் பார்த்து மோட்டார் வைண்டிங் கடையில் 20 கேட்டு வாங்கி வந்தேன். அமெரிக்க அளவில் 20 என்றால் 0.81 மி.மீ., கடைக்காரர் கொடுத்தது பிரிட்டிஷ் அளவில் 20, அதாவது 0.91. ஒரு மயிரிழைதான் வித்தியாசம், ஆனால் வாங்கி வைத்திருந்த மணிகள் ஒன்றிலும் கம்பி நுழையவில்லை. கால் கிலோ கம்பி இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

வயர் ராப்பிங் (கம்பியைச் சுற்றியே நகை செய்கிற இந்தக் கைவேலை) பற்றி நீங்கள் எல்லோரும் நிறைய எழுதிவிட்டீர்கள், நான் நீட்டவில்லை. கம்பிக்கட்டு வேண்டவே வேண்டாம், ‘கம்பி கட்டுற கதை’ என்று வகுப்பே சிரிக்கும். ஒடிசாவில் கட்டாக் நகரத்தின் தாரகசி போல ஒரு சொல் என்று கேட்டவருக்கு: அங்கே ‘தார்’ கம்பிதான், ஆனால் அது பற்றவைக்கிற வெள்ளி இழை வேலை, நம்முடையது சுற்றி நிறுத்துகிற வேலை. கம்பிச்சுற்று நகை எனக்குச் சம்மதம்.

இந்தச் சனிக்கிழமை தாளில் வெட்டுவளையம், கம்பி எண் இரண்டையும் போட்டுக் கொடுக்கப்போகிறேன். எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி இருக்கிறார், அவர் வாயில் எது நுழைகிறது என்று பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன். அதற்குள் யாராவது குறட்டு வகைகளுக்குப் பெயர் யோசித்து வையுங்கள்.