மறு: தோல் ஷூவில் ‘ஸ்கஃப்’ – தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

தோல் காலணிகளைச் செப்பனிடும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். ஸ்கஃப், ஸ்கிராட்ச், கௌஜ் என்ற மூன்று ஆங்கிலச் சொற்களில் மாட்டிக்கொண்டேன். அகராதி மூன்றையும் ‘கீறல்’ என்றே முடித்துவிடுகிறது. கையேட்டிலோ மூன்றுக்கும் மூன்று வைத்தியம்.

முதலாவது, படியில் இடித்து உரசி மேற்பூச்சு மட்டும் மங்கிப்போவது. அழுக்கைத் துடைத்துவிட்டு, நிறமுள்ள கிரீம் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போதும். இரண்டாவது கோடாக விழுவது. நகத்தைக் குறுக்கே ஓட்டினால் தடுக்கும். மூன்றாவதில் தோலே பெயர்ந்து பள்ளமாகிவிடும். அதை நிரப்பி, காயவிட்டு, நைஸான உப்புத்தாளால் சமன்செய்து, மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை நிறம் ஏற்ற வேண்டும். சொல் குழம்பினால், சும்மா மங்கின ஷூவில் வாசகர் உப்புத்தாளை வைத்துவிடுவார்!

---

ஸ்கஃப் = சிராய்ப்பு. ஸ்கிராட்ச் = கீறல். கௌஜ் = பள்ளம். சிராய்ப்பு, விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட எந்தக் குழந்தைக்கும் தெரிந்த சொல். வேலை முடிந்தது.

---

> வேலை முடிந்தது.

முடியவில்லை, தம்பி. ‘ப்பு’ செயலைச் சுட்டும். விளைவைச் சுட்ட ‘வு’ வேண்டும். தேய்ப்பு வேறு, தேய்வு வேறு. நாம் தேய்ப்பது தேய்ப்பு. தானாகத் தேய்வது தேய்வு. ஆகவே ஷூவில் இருப்பது சிராய்வு. இன்னொன்று, மரத்தில் பிளந்து நிற்கும் செதிலுக்குத்தான் சிராய் என்று பெயர். அதை எப்படித் தோலில் ஏற்றுவீர்கள்?

---

ஐயா, மன்னிக்க வேண்டும். ‘முழங்கை சிராய்த்துவிட்டது’ என்கிறோம். யாரும் யாரையும் சிராய்க்கவில்லை. தன்வினைதான், ஆனால் த்த் வருகிறது. குதிகால் வெடித்தது, வெடிப்பு. முழங்கை சிராய்த்தது, சிராய்ப்பு. தேய்வு அந்த வகை வினையே இல்லையே. மரத்துச் சொல் தோலுக்கு வரக்கூடாது என்றால், மரத்தின் ‘பட்டை’ இடுப்பு பெல்ட்டுக்கு வந்ததையும் திருப்பி அனுப்பிவிடலாம்.

---

நல்ல சொல் வேரிலேயே இருக்கும்போது முட்டிக்கும் முழங்கைக்கும் ஏன் போகிறீர்கள்? தோல், தொலி, இரண்டும் உறவு. தொலித்தல் என்றால் உமியோ தோலோ நீக்குதல். மேற்படலம் உரிந்த இடம் ‘தொலிவு’. ஒரே சொல்லில் பொருளும் குறையும் வந்துவிட்டன. தொலிவு, தொலிவகற்றல், தொலிவகற்றி. வேர் தொட்டால் கிளை தானாக வரும். ‘ஷூ’வையும் விட்டுவிட்டுத் தொடுதோல் என்று எழுதுங்கள்.

---

தொலிவு என்று தட்டினேன். கைப்பேசி ‘தொலைவு’ என்று திருத்தியது. ‘காலணியின் முனையில் உள்ள தொலைவை நீக்க’... நன்றாகத்தான் இருக்கிறது.

எங்கள் பக்கம் தொடுதோலும் இல்லை, ஷூவும் இல்லை, சப்பாத்து. போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. தூய்மை பார்த்தால் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும்.

---

தொடுதோல் என்றதும் நினைவு வந்தது. பெரும்பாணாற்றுப்படையில் இடையனைப் பற்றி ‘தொடுதோல் மரீஇய வடு ஆழ் நோன் அடி’ என்று வரும். செருப்பு போட்டுப் போட்டு வடு ஆழப் பதிந்த கால். அங்கே செருப்பு காலில் வடு ஏற்படுத்துகிறது. இங்கே படிக்கட்டு செருப்பில் ஏற்படுத்துகிறது. ‘வடு’ என்றே வைத்தால் என்ன?

---

வைக்கலாம், அம்மா. ஆனால் ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு’ என்று 129ஆம் குறள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டதே. புண் ஆறும், வடு ஆறாது. ‘வடுவைச் சரிசெய்வது எப்படி’ என்று தலைப்பு வைத்தால் வாசகர் முதல் வரியிலேயே கையேட்டை மூடிவிடுவார்.

---

என் பங்குக்கு: வெளிறல்?

---

வேண்டாம். மேலே நிறப்பூச்சுக் கொடுத்த தோலில்தான் அது பளிச்சென்று வெளிறித் தெரியும். சாயம் உள்வரை ஊறிய தோலில் உரசின இடம் அவ்வளவாகக் காட்டாது. சூயட் (மெல்லிய இழை எழுப்பிய தோல்) என்றால் மேற்பூச்சே கிடையாது; அங்கே இழை படிந்து பளபளக்கும், பிரஷ் போட்டு எழுப்ப வேண்டும், பாலிஷ் பக்கமே போகக்கூடாது. நிறத்தை வைத்துப் பெயரிட்டால் பாதித் தோலுக்குப் பொருந்தாது.

அப்புறம், வரைவில் கண்டிஷனரைப் ‘பதப்படுத்தி’ என்று போட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றுங்கள். பதப்படுத்துவது, பதனிடுவது எல்லாம் பச்சைத்தோல் அழுகாமல் ஆக்கும் வேலை. ஷூவாகும் முன்பே முடிந்துவிட்டது. இது காய்ந்த தோலுக்கு எண்ணெய்ப்பசை ஊட்டுவது. ‘மென்மையூட்டி’ போதும். நிரப்பிக்கு ‘மக்கு’. தச்சு வேலையில் ஓட்டையை அடைப்பவர்கள் சொல்வது.

---

> மக்கு

‘மக்கைத் தடவி அரை மணி நேரம் காயவிடுங்கள்’ என்றால் வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? நிரப்பி இருக்கட்டும்.

---

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு என் பழைய பழுப்பு ஷூவை எடுத்து வைத்துக்கொண்டேன். வலது முனையில் ஒரு நகம் அகலத்துக்கு மங்கல். உள்பக்கம் ஒரு கோடு. வீட்டில் காட்டி முதலாவதை என்னவென்று கேட்டேன். ‘உரசியிருக்கு’ என்றார்கள். சரி, ‘உரசல்’ என்று வைக்கலாமே என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ‘இரண்டு ஷூக்களிலும் உரசல் இருந்தால்’ என்று வந்தது. ஏதோ பங்காளிச் சண்டை மாதிரி இருந்ததால் அடித்துவிட்டேன்.

கடைசியில் சிராய்ப்பு, கீறல், பள்ளம் என்றே அனுப்பிவிட்டேன். முதல் முறை வரும் இடத்தில் ‘நகம் தடுக்காத உரசல் தடம்’ என்று ஒரு விளக்கம். ஷூ, ஷூவாகவே இருக்கிறது.

---

அனுப்பியாகிவிட்டதா? சரி. சிராய்வு என்பதே என் கருத்து, ஆனால் வாதாடத் தெம்பில்லை.

---

அடுத்த பதிப்பில் அடைப்புக்குறிக்குள்ளாவது ‘தொலிவு’ வரட்டும். ‘தொலிவகற்றி’ பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.