வரியால் வேலை போனவருக்கு இ.எஸ்.ஐ. காசு: சந்தாப் பட்டியல்ல காரண எண் 11 போட்டா கிடைக்குமா?

ஓவர்லாக்:
வாட்ஸ்அப்ல ஒரு செய்தி சுத்துது: "2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா 50% வரி போட்டதால் வேலையிழந்த பனியன் கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் மூணு மாசம் பாதிச் சம்பளம். ஆதார் காட்டினா போதும்." எழுதின புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. வேலை போனவருக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தர்றது இ.எஸ்.ஐ.யோட (தொழிலாளர் அரசுக் காப்பீடு) அடல் பீமித் திட்டம். அதுல வரிங்கிற பேச்சே கிடையாது. வேலை போறதுக்கு முந்தி ரெண்டு வருஷம் காப்பீட்டுல இருந்திருக்கணும். கடைசி ஆறு மாசக் கணக்குல 78 நாள் சந்தா ஏறியிருக்கணும், அதுக்கு முந்தின மூணு கணக்குல ஏதாச்சும் ஒண்ணுலயும் 78. அவ்வளவுதான் பார்ப்பாங்க.

நொய்யல்கரை:
78 எல்லாம் தானா ஏறியிருக்கும். ஆர்டர் இல்லைன்னு ஆளை நிப்பாட்டினா அது வேலையிழப்புதான். முதலாளி இ.எஸ்.ஐ. சந்தாப் பட்டியல்ல காரண எண் 11 போட்டிருந்தாலும் காசு வரும். சும்மா பயமுறுத்தாதீங்க.

சம்பளப்பட்டியல்:
11 போட்டா வராது.
மாசச் சந்தா ஏத்தும்போது வேலை நாள் பூஜ்யம்னா காரண எண் கேட்கும். 11 என்றால் 'வேலை இல்லை'. கடைசி வேலை நாள் கட்டம் காலியா விடணும். அடுத்த மாசமும் பேர் அதே கம்பெனியில நிக்கும். பேர் நிக்கிறவர் எப்படிங்க வேலையிழந்தவர்? 2 'வேலையை விட்டவர்', 10 'ஆட்குறைப்பு'. இது ரெண்டுக்கும் கடைசி வேலை நாள் போட்டாகணும், அடுத்த மாசம் பேர் வராது.

நொய்யல்கரை:
அடடா. 2 போட்டா தானா விட்டுப் போனவன்னு அர்த்தம். தானா விட்டவனுக்கு அடல் திட்டம் இல்லைன்னு விதியிலேயே இருக்கு. 11-க்கும் இல்லை, 2-க்கும் இல்லை, அப்ப யாருக்குத்தான் தருவீங்க, முதலாளிக்கா?

சம்பளப்பட்டியல்:
ஏன் விட்டார்னு 2 சொல்லாது. ராஜினாமாக் கடிதம்தான் சொல்லும். கணக்கு முடிக்கிற அன்னிக்கு 'சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்'னு அச்சடிச்ச தாள் நீட்டுவாங்க, அதுல கையெழுத்துப் போட்டா கதை முடிஞ்சது. போடாதவர் 30 நாள் கழிச்சு ஆதார், பேங்க் பாஸ்புக்கோட பிராஞ்ச் ஆபீஸ்ல நேரா மனுக் கொடுக்கலாம். முதலாளி வழியா போற முறை 2020-லயே எடுத்தாச்சு. ஆனா ஆபீஸ் பதிவைச் சரிபார்க்கும். அங்கே 11 இருந்தா மனு நகராது. திரும்பவும் சொல்றேன், 11.

கட்டிங்மாஸ்டர்:
2-ம் 11-ம் கிடக்கட்டும். அமெரிக்காவுல 1974 வர்த்தகச் சட்டப்படி மூணு தொழிலாளர் சேர்ந்து மனுப் போட்டா, இறக்குமதியால வேலை போனவனுக்குப் படிப்புச் செலவும் படியும் அரசே தருது. நம்மூர்ல அந்த மாதிரி ஒண்ணு இருக்கா?

ஓவர்லாக்:
மாஸ்டர், அங்கே 2022 ஜூலை 1-லேர்ந்து புது மனுவுக்குச் சான்று தர்றதே நின்னுபோச்சு. தெரியாமலே பெருமை பேசுறீங்க.

கட்டிங்மாஸ்டர்:
இருந்துச்சுல்ல? இங்கே இருந்ததே இல்லையே.

நொய்யல்கரை:
போன தடவை ஒரு வருஷச் சந்தா போதும்னு அடிச்சுச் சொன்னவர்தானே இந்தச் சம்பளப்பட்டியல்? இன்னிக்கு 11-க்கு வாத்தியார்.

சம்பளப்பட்டியல்:
அதைச் சொன்னது நானில்லை, தேடிப் பாருங்க. விஷயத்துக்கு வாங்க.
11 போட்டா காசு தர வேண்டியது முதலாளி, இ.எஸ்.ஐ. இல்லை. பேர் பதிவுல இருக்க, வேலை மட்டும் இல்லைன்னா அது லே-ஆஃப். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அதுல பாதி, 45 நாள். பழைய தொழில் தகராறு சட்டம் போய் 2025 நவம்பர் 21-லேர்ந்து தொழிலுறவுத் தொகுப்பு வந்தும் அது மாறலை. 50 ஆளுக்குக் குறைஞ்ச கம்பெனிக்கு இல்லை, ஒரு வருஷம் தொடர்ச்சி இல்லாதவருக்கும் இல்லை. பவர் டேபிள் (தையல் மெஷின் வரிசை) கான்ட்ராக்ட்ல 20 பேரா பிரிச்சு வச்சிருந்தா என்ன ஆகும்னு நீங்களே பார்த்துக்குங்க.
10 போட்டாத்தான் லாபம். ஆட்குறைப்புன்னா இ.எஸ்.ஐ.யோட இன்னொரு திட்டம், ராஜீவ் காந்தி ஷ்ரமிக் திட்டம்: ரெண்டு வருஷச் சந்தாவுக்கு முதல் 12 மாசம் சம்பளத்துல பாதி, அடுத்த 12 மாசம் கால்வாசி. அடல் திட்டம் மாதிரி 90 நாளோட நிக்காது. ஆனா 10 போட்டா முதலாளி ஒரு மாச நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மறுதிறன் நிதிக்கு (வேலை போனவர் புதுத் தொழில் பழக) இன்னொரு 15 நாள்னு எடுத்து வைக்கணும். அதனால 10 போட மாட்டார்.

ஓவர்லாக்:
அடல் திட்டத்துல 'பாதிச் சம்பளம்'னு எல்லாரும் சொல்றீங்களே, வகுக்கிறது ரெண்டு வருஷத்து மொத்த நாளான 730-ஆல. ஷிப்ட் 500 ரூபா, மாசம் 26 ஷிப்ட், ரெண்டு வருஷத்துக்கு 3,12,000. 730-ஆல வகுத்தா நாளுக்கு 427 சொச்சம், அதுல பாதி 213.70. 90 நாளுக்கு 19,233. பட்டியல்ல மாசம் 18 நாள்தான் காட்டியிருந்தா 13,315-தான். ஒன்றரை ஷிப்ட் பார்த்து வாரச் சம்பளம் முழுசா வாங்கினவன் இந்தத் தொகையைப் பார்த்து ஆபீஸ்ல சண்டை போடுவான். அதோட வாழ்நாள்ல ஒரு தடவைதான்.

நொய்யல்கரை:
பார்த்தீங்களா, 18 நாள் காட்டினா 78 ஏறிடும். நான் சொன்னது சரி.

சம்பளப்பட்டியல்:
78-ஐ யார் கேட்டா? 11-ஐப் பத்திக் கேட்டேன்.

நொய்யல்கரை:
கோடு போட்டா ரோடு போடுறவங்க நாங்க. 11 போட்ட நாலு பேர் மனுவைப் பிராஞ்ச் ஆபீஸ்ல கொடுத்துட்டு வந்து பேசுறோம்.

சம்பளப்பட்டியல்:
கொடுங்க. கொடுக்கிறதுக்கு முந்தி அந்தக் கம்பெனியை 11-ஐ 10-ஆ மாத்தச் சொல்லுங்க பார்ப்போம்.

கட்டிங்மாஸ்டர்:
அமெரிக்காவுல இந்த 10, 11 எல்லாம் கிடையாது.

ஓவர்லாக்:
மாஸ்டர், துணியை வெட்டுங்க.