எட்வின் ஸ்டாரை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

1998 குளிர்காலம். இங்கிலாந்தின் நாட்டிங்காமில் படித்துக்கொண்டே மாலையில் ஒரு கிடங்கில் வேலை செய்தேன். உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "சனிக்கிழமை எட்வின் ஸ்டார் பாடுகிறார், வா" என்று அழைத்தார். எனக்கு நம்பிக்கையில்லை. 1970இல் 'வார்' என்ற போர் எதிர்ப்புப் பாட்டால் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்த அமெரிக்கப் பாடகர், முந்நூறு பேர்கூடக் கொள்ளாத கூடத்துக்கு ஏன் வரப்போகிறார்? அதே பெயரில் வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அவரேதான். சட்டை முதுகோடு ஒட்டும்படி வியர்த்துக்கொண்டு பாடினார். ஆனால் என்னை அசத்தியது கூட்டம். 'வார்' வந்தபோது எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், அது எதிர்பார்த்ததுதான். 'ஸ்டாப் ஹர் ஆன் சைட்' தொடங்கியதும் பெரியவர் தன் கோட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் தரையில் பவுடர் தூவினார். கிடங்கில் பெட்டி தூக்கக் குனியவே முனகுகிறவர், ஒற்றைக் காலில் சுழன்று, பின்னால் சாய்ந்து தரையில் கை ஊன்றி எழுந்தார்!

*

அந்தப் பவுடரில்தான் கதையே இருக்கிறது, தம்பி. 1979இல் வட இங்கிலாந்தில் இருந்த விகன் கசினோ என்ற நடனக்கூடத்துக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறேன். நள்ளிரவு தாண்டித்தான் உள்ளே விடுவார்கள். விடியும்வரை ஆட்டம், மது கிடையாது. கால் வழுக்கிச் சுழலத்தான் டால்கம் பவுடர். ஒலித்ததில் பெரும்பாலும் அறுபதுகளில் அமெரிக்காவில் விலைபோகாத சோல் இசைத்தட்டுகள்; சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசைவகை. நார்தர்ன் சோல் என்று அதற்குப் பெயர். மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் பிறந்த டெட்ராய்ட் நகரத்துத் தாளத்தின் வேகம் இருந்தால் போதும், அங்கே சீந்துவாரற்றுக் கிடந்த தட்டுக்கு இங்கே அடிதடி.

'ஸ்டாப் ஹர் ஆன் சைட்' 1966இல் அமெரிக்க பாப் பட்டியலில் முதல் நாற்பதுக்குள்கூட வரவில்லை. 1968இல் மறுபடி வெளியிட்டபோது பிரிட்டனில் 11ஆம் இடம். அவர் எண்பதுகளில் இங்கேயே தங்கிவிட்டதில் வியப்பென்ன? அங்கே அவர் 'வார்' பாடியவர், அவ்வளவுதான். அதுவும் டெம்டேஷன்ஸ் குழு முதலில் பாடியது. அவர்கள் பெயரில் தனிப்பாட்டாக வெளியிட மோடவுன் நிறுவனம் தயங்கியதால் இவருக்கு வந்தது.

*

ஜீனோ வாஷிங்டனை மறந்துவிட்டீர்களே! அமெரிக்க விமானப்படை வீரராக இங்கிலாந்தின் கிழக்குப் பகுதிக்கு வந்து, இங்கேயே பாடகரானவர். அவரைப் பார்த்த கதையைத் தனியாக எழுதுகிறேன்.

*

நான் மேடையில் பார்த்ததில்லை. 2003 ஏப்ரலில் ஒரு நாள் இரவுப் பணிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தேன். ஈராக் போர் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். வானொலியில் 'வார்' ஒலித்தது. பரவாயில்லை, துணிந்து போடுகிறார்களே என்று நினைத்தேன். பாட்டு முடிந்த பிறகுதான் அறிவிப்பாளர் சொன்னார்: நாட்டிங்காமை அடுத்த பிராம்கோட்டில் இருந்த தன் வீட்டில் எட்வின் ஸ்டார் மாரடைப்பால் இறந்துவிட்டார். வயது 61.

*

அந்தக் கோடையில் பெரியவரும் நானும் வில்ஃபோர்ட் ஹில் கல்லறைக்குப் போனோம். வழியெல்லாம் பேசாமல் வந்தவர், பூவை வைத்துவிட்டு நிமிரும்போது, "எல்லாப் பத்திரிகையும் அந்த ஒரு பாட்டைத்தான் எழுதியிருக்கிறது" என்று முனகினார்.